சாம்பிராணி போட்டால் போகாத வாடை

செகண்ட் ஹேண்டில் பை விற்கிறவர்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஜிப், வளையம், கைப்பிடி, அடியில் தேய்ந்த மூலை, உள்ளே தைத்திருக்கும் கம்பெனி முத்திரை எல்லாம் தெரிகிறது. வாடை மட்டும் படத்தில் வராது. நல்ல தோல் பை கால் விலைக்குக் கிடைக்கும்போது, அது ஏன் கால் விலைக்கு வருகிறது என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

எனக்கு வந்தது காப்பிக்கொட்டை நிறத்தில் பெரிய தோள்பை. லேப்டாப், சாப்பாட்டு டப்பா, குடை எல்லாம் கொள்ளும். பெங்களூரிலிருந்து ஒருவர் ஒரு செயலியில் 1,900 ரூபாய்க்கு விற்றார். அசல் தோல், தையல் எங்கும் பிரியவில்லை, ஜிப் தடையில்லாமல் ஓடுகிறது. பார்சலைப் பிரித்ததும் கூடம் முழுக்க ஆறிப்போன சிகரெட் வாடை. திருப்பி அனுப்பலாமா என்று பார்த்தால், அந்தச் செயலி தரும் காரணங்களின் பட்டியலில் வாடை என்று ஒன்றே கிடையாது.

"ஏண்டி, இதென்ன பீடி நாத்தம்? மொதல்ல மாடியில கொண்டுபோய் வையி" என்றார் அம்மா. மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. "இதத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ்ல போனா, பக்கத்துல ஒக்காந்திருக்கறவ என்ன நெனப்பா?"

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் மதுரையில் அது நியாயமான கேள்விதான். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறுகிற ஒரு ஆளின் சட்டையில் இந்த வாடை வந்தால் யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள். அதுவே ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து வந்தால் பின் சீட்டு வரைக்கும் விசாரணை போகும். பை வாங்கின கதையை ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. யார் புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் அடுத்தவர் பை ஏன் இப்படி வீசுகிறது என்று ஆராய்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அந்தச் சண்டையைத் தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் போடத் தெம்பும் கிடையாது.

அம்மாவின் வைத்தியம் சாம்பிராணி. நம் வீடுகளில் எந்த வாடைக்கும் முதல் மருந்து அதுதான். தலைக்குக் குளித்தால் சாம்பிராணி, பிள்ளை பெற்ற அறைக்குச் சாம்பிராணி, வெள்ளிக்கிழமை என்றால் காரணமே தேவையில்லை. தூபக்காலை எடுத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்பியவரை நான்தான் மறித்தேன். சாம்பிராணியும் புகைதானே. பிசினை நெருப்பில் போட்டால் எழும்புவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியான துகள்களும் பிசுபிசுப்பான ஆவியும். அவை போய் உட்காரப் போவது சிகரெட் புகை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் அதே துணியில், அதே நூலிடுக்கில். இரண்டு நாள் சாம்பிராணி மேலே நிற்கும். அது அடங்கியதும் கீழே இருப்பது எட்டிப் பார்க்கும். அப்போது இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டிய வேலை.

பக்கத்து வீட்டு அத்தை மல்லிகைப் பூவைத் துணியில் கட்டிப் பைக்குள் போடச் சொன்னார். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியின் மேல் எனக்கும் பெருமைதான், ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது. மல்லிகை மணத்தில் இண்டோல் என்றொரு பொருள் உண்டு. துளியூண்டு இருக்கும்வரை அது பூ மணம்; செறிந்துவிட்டால் கழிவு வாடை. சிகரெட் புகையிலும் அதே இண்டோல் இருக்கிறது. வாடிப்போன பூவையும் பழைய சிகரெட்டையும் ஒரே பைக்குள் பூட்டி வைத்தால் என்ன வரும் என்று சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. பாச்சை உருண்டை, பச்சைக் கற்பூரம், வாசனை ஸ்ப்ரே, காப்பித்தூள் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ஒரு வாடையை இன்னொன்றால் மூடுகிற எதையும் இந்தப் பைக்குள் விடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பதாகக் கணக்கு. அதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். தார்ப் பிசினும் நிகோட்டினும் எந்தப் பரப்பு கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். சுவர், திரை, கார் சீட், தலைமுடி, பை. ஒட்டினது அப்படியே கிடப்பதும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி மாதக்கணக்கில் வெளியே வந்துகொண்டே இருக்கும். நாம் முகர்வது அதைத்தான்.

வெறும் நாற்றம்தானே என்று விடவும் முடியாது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 2010-ல் ஒரு ஆய்வு செய்தார்கள். பரப்பில் படிந்த நிகோட்டின், காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து நைட்ரோசமைன் என்கிற புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாக மாறுகிறது என்று அதில் காட்டினார்கள். அந்த அமிலம் வீட்டுக்குள் வருகிற வழிகளில் ஒன்று நம் கேஸ் அடுப்பு. இதைப் படித்துவிட்டு ஒரு பையைப் பார்த்து அலற வேண்டியதில்லை; புகைப்பவர் ஒருவரோடு ஒரே அறையில் குடியிருப்பதும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் தவழுகிற பிள்ளை இருக்கும் வீட்டில், கைக்கு எட்டும் வாரை வாயில் வைத்துச் சப்பும் பிள்ளை இருக்கும் வீட்டில், சுத்தம் செய்யாத பையைத் தரையில் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி பையின் உடற்கூறு. இதைப் புரிந்துகொள்ளாமல் வெளித்தோலைத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோகிறவர்கள்தான் அதிகம். கடைப் பையின் வெளித்தோலுக்கு மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். பளபளப்பும் நிறமும் அதில்தான். புகை அதைத் தாண்டிப் பெரிதாக உள்ளே போகாது. தோலின் மறுபக்கம், மாட்டின் சதையைப் பார்த்து இருந்த பக்கம், பூச்சே இல்லாமல் நார்நாராகத் திறந்து கிடக்கும். அதை ஒட்டி ஸ்பாஞ்சு, விறைப்புக்கு அட்டை, ஒட்டுவதற்குச் சொல்யூஷன், அதற்கும் மேல் லைனிங் துணி. ஜிப்பின் இரு பக்கமும் ஓடும் நாடாவும் துணிதான். புகை குடியேறுவது இந்த இடங்களில். போதாததற்கு, சிகரெட் பாக்கெட்டைப் பைக்குள்ளேயே வைத்துப் புழங்கியிருந்தால் தையல் மூலையில் புகையிலைத் தூளும் இருக்கும். என் பையில் இருந்தது. லைனிங்கை வெளியே இழுத்துத் தட்டியபோது தரையில் பழுப்புத் தூள் கொட்டியது. பாதி நாற்றம் அதிலிருந்தே வந்திருக்கலாம்.

தோலும் புகையிலையும் சேர்ந்தே வந்ததைப் பார்த்ததும் எனக்குத் திண்டுக்கல் ஞாபகம்தான் வந்தது. நமக்குப் பக்கத்தில், ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில், இரண்டுக்கும் பேர் போன ஊர். பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகள். ஒரு காலத்தில் கப்பலேறிய சுருட்டு. கொஞ்சம் தள்ளி வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய பழைய முறைத் தோல் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும், கறை பிடிக்கும். குரோம் உப்பில் பதனிட்டுப் பூச்சு போட்ட தோல் கொஞ்சம் தாங்கும். உங்கள் பை எந்த வகை என்று பார்க்க, அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். உறிஞ்சிக் கறுத்தால் ஈரத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். முத்தாக நின்றால் துடைக்கலாம். என் பையில் நின்றது.

துடைப்பதற்கு நான் எடுத்தது பூந்திக்கொட்டை. பட்டுச் சேலை அலசுவதற்குக் கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வைத்தது வீட்டில் எப்போதும் இருக்கும். தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ள பொருள். துணி சோப்பும் சோடாவும் காரம். அவை தோலை வறட்டிவிடும். பூந்திக்கொட்டை நீர் லேசான அமிலம், நுரைக்கவும் செய்யும். ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டி, அந்த நுரையை மட்டும் வெள்ளைத் துணியில் எடுத்துத் துடைத்தேன். துணி டீத்தூள் நிறத்துக்கு வந்தது. கைப்பிடியில்தான் அதிகம், புகைத்த விரல் தினமும் பிடித்த இடம் அல்லவா. சுத்தமான ஈரத்துணியால் இன்னொரு முறை, பிறகு உலர்ந்த துணி. ஊறப்போடுவது, பக்கெட்டில் முக்குவது எல்லாம் தோலுக்குக் கூடவே கூடாது. அட்டை உப்பும், சொல்யூஷன் விட்டுவிடும்.

லைனிங்குக்கு வினிகர். இதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. நிகோட்டின் ஒரு காரப் பொருள். காரமாகவே இருக்கும்வரை ஆவியாகி மூக்குக்கு வரும். அமிலம் பட்டால் உப்பாக மாறும். உப்பு பறக்காது, தண்ணீரில் கரையும். கடை வினிகரில் நாலு சதவீதம் அளவுக்கு அசெட்டிக் அமிலம் இருக்கும். அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து லைனிங்கை ஒற்றி எடுத்தேன். அதோடு நிறுத்திவிட்டால் அந்த உப்பு துணியிலேயே தங்கிவிடும், அதனால் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் மறுபடி ஒற்ற வேண்டும். இந்தப் பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வினிகருக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழிபவர்களும் உண்டு. அதில் சர்க்கரை இருக்கிறது, பிசுபிசுக்கும், சாயத்தையும் வெளுக்கும். எலுமிச்சையும் புளியும் பித்தளைக் குத்துவிளக்கோடு இருக்கட்டும்.

காய வைத்தது நிழலில். மாடியில் வெயில் இருக்கிறதே என்று தோலை அதில் போட்டால் வெடிக்கும், நிறமும் போகும். எனக்கு வாய்த்தது ஆடி மாதம். அம்மியையே பறக்கவைக்கும் என்று பேர் வாங்கிய காற்று, எங்கள் வீட்டு மாடிப்படிக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க வீசியது. ஈரப்பதம் இல்லாத சூடான காற்று இந்த வேலைக்கு நல்லது. சூட்டில் ஆவி வேகமாகக் கிளம்பும், காற்று அதை அங்கேயே நிற்கவிடாது. பையின் வாயைத் திறந்து, லைனிங்கை வெளியே இழுத்து, உத்திரத்தில் தொங்கவிட்டு மறந்துவிட வேண்டியதுதான். காசில்லாத வைத்தியம், ஆனால் பாதிக்கும் மேல் வேலை செய்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

மீதிக்குக் கரி. அடுப்புக்கரியும் ஓரளவு உறிஞ்சும், ஆனால் மீன்தொட்டிக் கடையில் தண்ணீர் வடிகட்டுவதற்கு விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன் அதைவிடப் பல மடங்கு வல்லது. பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டைக் கரிதான். காங்கேயம் பக்கம் இதற்கென்றே ஆலைகள் இருக்கின்றன. சிரட்டையைக் காற்றுப் படாமல் கரியாக்கி, பிறகு கடும் சூட்டில் நீராவி பாய்ச்சுவார்கள். உள்ளே எண்ண முடியாத அளவுக்கு நுண்துளைகள் விழும். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் துளைகளின் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். நம் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 25 சென்ட் நிலம். ரிங் ரோட்டுப் பக்கம் 25 சென்ட் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். வாடை மூலக்கூறுகள் அந்தத் துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

பழைய வேட்டித் துணியில் கரியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டி, பையின் உள்ளேயும் வெளியேயும் வைத்து, பழைய அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். மூடாமல் வைத்தால் கரி ஊர்க்காற்றை எல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கும். தூபக்காலுக்குப் போடும் வட்டக்கரி வேண்டாம். அதில் சீக்கிரம் பற்றுவதற்கு வெடியுப்பு சேர்த்திருப்பார்கள். ஆப்பசோடாவைப் பற்றியும் கேட்பீர்கள். லைனிங் துணியில் ஒரு இரவு தூவி உதறலாம், தப்பில்லை. ஆனால் சோடாவும் காரம், நிகோட்டினும் காரம். ஒன்றை ஒன்று ஒன்றும் செய்துகொள்ளாது. புகையில் இருக்கும் சில அமில வாடைகளுக்கு மட்டும் உதவும். தோலின் மேல் தூவவே வேண்டாம்.

ஃப்ரீசருக்குள் வைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குளிரில் வாடை தூங்கும், வெளியே எடுத்ததும் எழுந்துகொள்ளும். இட்லி மாவு இருக்கும் இடத்தில் இதை வைக்க எங்கள் வீட்டில் அனுமதியும் கிடைக்காது. கார் சுத்தம் செய்யும் இடங்களில் ஓசோன் விடும் மெஷின் வைத்திருப்பார்கள். ஓசோன் வாடையை நிஜமாகவே உடைக்கும். கூடவே ரப்பரையும் சாயத்தையும் தோலையும் கெடுக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. எனக்கு வேண்டாம்.

வாடை போய்விட்டதா என்று நீங்களே முகர்ந்து முடிவு செய்யக்கூடாது. மூக்கு சீக்கிரம் பழகிவிடும். நான் தம்பி மகளைக் கூப்பிட்டுப் பையை நீட்டினேன். பொதுஇடங்களில் புகைக்கத் தடை நாடு முழுக்கக் கறாரானது 2008 அக்டோபர் 2-ல். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை அவள். டவுன் பஸ்ஸிலும் தியேட்டரிலும் அந்தப் புகைக்குள்ளேயே வளர்ந்த எங்களைவிட அவளுக்கு மூக்கு கூர்மை. தலையை உள்ளே விட்டு இழுத்துவிட்டு, "கரி வாசம் வருது அத்தை, வேற ஒண்ணுமில்ல" என்றாள். அந்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

ஐப்பசி மழை வந்தது, வாடையும் வந்தது. முன்பு போல வீட்டையே நிறைக்கவில்லை, ஆனால் ஜிப்பைத் திறந்தால் இருந்தது. இதற்கும் காரணம் இருக்கிறது. காற்றில் ஈரம் ஏறும்போது, பரப்பில் ஒட்டிக் கிடக்கும் பொருள்களைத் தண்ணீர் மூலக்கூறுகள் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தள்ளப்பட்டது மூக்குக்கு வரும். அப்படியானால் ஈரத்துணியும் காற்றும் எட்டாத இடத்தில் இன்னும் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

டவுன் ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பை, சூட்கேஸ் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பையைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தார். "லைனிங்க மாத்தாம தோலத் தொடச்சு என்ன பிரயோசனம்க்கா? நாத்தம் பூரா அட்டையில கெடக்கு" என்றார்.

"தோல் கெட்டுறாதாண்ணே?"

"பழைய ஓட்டையிலயே ஊசி விட்டுத் தச்சுருவேன். புது ஓட்டை போட்டாத்தான் கிழியும்."

அவர் சொன்ன விதத்திலேயே தொழில் தெரிந்தது. என் கண் முன்னாலேயே பிரித்தார். லைனிங்குக்குப் பின்னால் இருந்த ஸ்பாஞ்சு மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தது. ஸ்பாஞ்சு வயதானாலும் மஞ்சளாகும், எல்லாப் பழியையும் சிகரெட் மேல் போட முடியாது. ஆனால் அந்த அட்டையை முகர்ந்து பார்த்தபோது சந்தேகமே இல்லை. வாடை முழுசாக அங்கே இருந்தது. மாடிக்காற்று அங்கே எப்படிப் போகும்?

புது லைனிங்குக்குச் சுங்குடித் துணி போட வேண்டும் என்று எனக்கு ஆசை. திறக்கும்போதெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "சாயம் எறங்கும்க்கா. உள்ள வைக்கிற பேப்பரெல்லாம் செவப்பாயிரும். காடாத் துணி வாங்கிட்டு வாங்க, தொவச்சுக் காய வச்சு." விளக்குத்தூண் பக்கம் போய்க் காடா வாங்கி, கஞ்சி போகத் துவைத்து, சுருங்க வேண்டியது சுருங்கியபிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் லைனிங் இல்லாத வெறும் பையை வீட்டுக்கு வாங்கிவந்து, திறந்து கிடந்த உள்பக்கத் தோலைப் பூந்திக்கொட்டை நுரையால் துடைத்து, காயவிட்டு, திரும்பவும் கரியோடு டிரம்முக்குள் போட்டிருந்தேன். இந்த முறை துடைத்த துணி வெளிப்பக்கத்தைத் துடைத்ததைவிடக் கறுப்பு. ஜிப் நாடாவும் பழசுதானே என்று ஜிப்பையும் மாற்றச் சொல்லிவிட்டேன். ரன்னர் மட்டும் பழையது, பித்தளை என்பதால்.

கூலி 600 ரூபாய். துணி, ஜிப் தனி. தீபாவளிக் கூட்டத்தில் அண்ணன் பையைத் தர இழுத்தடித்தார் என்பது வேறு கதை.

எண்ணெய் போடுவதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. பைக்கும் தடவலாம், ஆனால் வாடை முழுதாகப் போன பிறகுதான். எண்ணெயில் இந்தப் பிசின்கள் நன்றாகக் கரையும். முன்னாலேயே தடவினால் வாடையைத் தோலுக்குள் ஏற்றிப் பிடித்து வைப்பது போலாகிவிடும். விளக்கெண்ணெய் கொஞ்சம் கூடினாலும் தூசியும் ஒட்டும். நான் நிறமில்லாத தோல் கிரீம் வாங்கி மெல்லிசாகப் பூசினேன். கார்த்திகை மழையிலும் பை வாயைத் திறந்தால் காடாத் துணி வாசம்தான்.

இனி யாராவது பழைய பை வாங்கப் போகிறேன் என்றால், லைனிங்கை வெளியே இழுத்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள் என்பேன். மேல்பக்கம் புதுசாக இருந்து லைனிங் மட்டும் மங்கலான மஞ்சளாக இருந்தால் கேள்வி கேளுங்கள். வீட்டிலோ காரிலோ யாராவது புகைப்பார்களா என்று நேராகவே கேட்கலாம். விற்கிறவர் பதில் சொல்லாமல் விலையைக் குறைத்தால் அதுவே பதில். அசல் தோலும் நல்ல தையலும் இருந்தால் லைனிங் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசி வாங்கலாம். ரெக்சின் என்றால் நான் கிட்டவே போக மாட்டேன். பின்துணியோடு ஒட்டியே வருவதால் பிரிக்க வழியில்லை, துடைக்கத் துடைக்க மேல்பூச்சு உரியும், அந்த விலைக்கு டவுன் ஹால் ரோட்டில் புதுசே தொங்குகிறது.